அத்தையின் வெள்ளை

என் கொழுந்தனின் கல்யாணப் படங்களைக் குடும்ப குரூப்பில் நான் போட்ட அன்றே, மணப்பெண்ணின் பெரியம்மா அதற்குக் கீழே ஒரு வரி எழுதினார். "சேலை ரொம்ப அம்சமா இருக்கு. மூத்த மருமக கட்டுன சேலையா? இம்புட்டு வருசமா பத்திரமா வச்சிருந்திருக்காகளே!" வரிக்குப் பின்னால் ஒரு கும்பிடு, ஒரு சிவப்பு ரோஜா. ஆலங்குளத்தில் உட்கார்ந்துகொண்டு ராஜபாளையத்தில் ஒரு வீட்டைப் பற்றவைக்க அந்த ரோஜா ஒன்றே போதும்.

அந்த மூத்த மருமகள் நான்தான். படங்களின் நிறத்தைத் திருத்தியவளும் நான்தான்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் கல்யாணங்களில், கோயிலில் தாலி கட்டும்போது பெண் உடுத்தும் வெள்ளைப் பட்டுச் சேலையை மாப்பிள்ளை வீட்டார் எடுக்க வேண்டும். கோயில் என்று நாங்கள் சொல்வது தேவாலயத்தை. அந்தச் சேலையில்தான் மாமியாரின் மானம் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. என் அத்தை, அதாவது என் மாமியார், அதற்காக மதுரைக்குப் போய்க் கடை கடையாக ஏறி இறங்கினார். எடுத்துப் போட்ட சேலைகளை மடிக்க முடியாமல் விற்பனைப் பெண்கள் கையெடுத்துக் கும்பிடும் நிலைக்கு வந்த பிறகு, மெல்லிய ஜரிகைக் கரை போட்ட வெள்ளைப் பட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அது புத்தம் புதுசு என்பதற்கு நானே சாட்சி. கட்டைப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே அலைந்தவள் நான்.

ஆனால் நான் போட்ட படங்களில் அந்தச் சேலை வெள்ளையாக இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா நிறத்தில் இருந்தது, அதுவும் அடுப்பில் கொஞ்சம் கூடுதலாக நின்றுவிட்ட பால்கோவா. பல வருஷம் பீரோவில் பாச்சை உருண்டையோடு கிடந்து வெளியே வந்த சேலை எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. பெரியம்மாவைத் திட்டலாம் என்றால் அதற்கும் முழு நியாயம் கிடைக்கவில்லை.

அத்தை செல்போனைக் கை எட்டும் தூரம் வரை தள்ளிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். அவர் கோபம் எப்போதும் அமைதியாகத்தான் ஆரம்பிக்கும்.

"ஏட்டி, இது என்ன கலரு?"

"மஞ்ச அடிச்சிருக்கு அத்தை. சரி பண்ணிருதேன்."

"நான் எடுத்தது வெள்ளை."

"எனக்குத் தெரியும்லா."

"ஊருக்குத் தெரியலையே" என்று சொல்லிவிட்டுப் போனை என் மடியில் போட்டார்.

நான் ராஜபாளையத்தில் ஒரு ஸ்டுடியோவுக்காக வீட்டிலிருந்தபடியே கல்யாணப் படங்களைத் திருத்திக் கொடுக்கிறேன். மானம் போகாத வேலை, ஆனால் பொறுமை போகும். "பொண்ணு முகத்தை மட்டும் நல்லா வெளுக்க வைங்க, சேலைக் கலர் துளி மாறக்கூடாது" என்பார்கள். "மாப்பிள்ளைக்குத் தலையில கொஞ்சம் முடி போடுங்க" என்பார்கள். ஒரு அப்பா, தன் சம்பந்தியை மட்டும் ஒரு சுற்று கறுப்பாக்க முடியுமா என்று தனியாகப் போன் பண்ணிக் கேட்டார். முடியும் என்று சொல்லிவிட்டு நான் செய்யவில்லை.

இந்த வேலையில் எல்லாவற்றுக்கும் முந்தியது ஒயிட் பேலன்ஸ். கேமராவுக்கு வெள்ளை எது என்று தெரியாது. குண்டு பல்பின் கீழே ஒரு தாளைக் காட்டினால் மஞ்சள் என்கிறது. மர நிழலில் காட்டினால் நீலம் என்கிறது. நம் கண்ணிலும் அப்படித்தான் விழுகிறது, ஆனால் மூளை இடையில் புகுந்து 'அது தாள்தான், வெள்ளைதான், விடு' என்று சமாதானம் பண்ணிவிடுகிறது. கம்ப்யூட்டரில் அந்தச் சமாதானத்தை நான் பண்ண வேண்டும். அதற்கென்று மருந்துச் சொட்டுக்குழாய் வடிவத்தில் ஒரு கருவி இருக்கிறது. படத்தில் நிறமே கலக்காத இடமாக, வெள்ளையோ சாம்பலோ, ஒன்றைத் தேடி அதில் ஒரு கிளிக் செய்ய வேண்டும். 'இந்த இடத்தில் எந்த நிறமும் இல்லை' என்று நான் சத்தியம் செய்கிறேன் என்று அர்த்தம். கம்ப்யூட்டர் அதை அப்படியே நம்பி, மற்ற நிறங்களை எல்லாம் அதற்கேற்ப நகர்த்திவிடும். நான் நீலத்தைக் காட்டி வெள்ளை என்று சொல்லிவிட்டால், அந்த நீலத்தை அடக்குவதற்காகப் படம் முழுக்க மஞ்சளைக் கொட்டிவிடும்.

இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் மாட்டிக்கொண்டேன்.

வெள்ளைக்காக நாங்கள் எங்கும் அலைவதில்லை. எந்தக் கல்யாணமாக இருந்தாலும் முதல் வரிசையில் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியோடு பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அதில் பளிச்சென்று இருக்கும் சட்டையைப் பார்த்து ஒரு கிளிக் செய்தால் வேலை முடிந்தது. ஸ்டுடியோவில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறோம். யாரும் புகார் சொன்னதில்லை.

கொழுந்தன் கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் வீட்டார் கோயிலில் நடந்தது. உள்ளே ஒரு பக்கம் டியூப் லைட், ஒரு பக்கம் மஞ்சள் பல்பு, ஜன்னலில் பச்சைக் கண்ணாடி, இது போதாதென்று வீடியோக்காரரின் விளக்கு. நிறங்கள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. அந்தக் கலவரத்தில் எனக்கு நம்பிக்கையாகக் கிடைத்தது முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மாமனாரின் சட்டை. அது அத்தை வெளுத்த சட்டை. அத்தையின் வெள்ளைக்கு எங்கள் தெருவில் பெரிய பேர். மொட்டை மாடிக் கொடியில் அவர் துணி உலர்த்தினால், தெலுங்கு பேசும் எதிர்வீட்டம்மா அதைக் கையால் காட்டித் தன் மருமகளைத் தெலுங்கில் ஏதோ சொல்வார். பாராட்டு எங்களுக்கு, திட்டு அந்தப் பெண்ணுக்கு என்பது மொழி தெரியாமலே விளங்கும். கல்யாணத்துக்கு எங்கள் வீட்டு ஆண்கள் அத்தனை பேர் சட்டையையும் அத்தையே வாங்கித் துவைத்துக் கொடுத்திருந்தார். என்னை வாளிப் பக்கம் வரக்கூட விடவில்லை.

மாமா சட்டையில் கிளிக் செய்தேன். அதே திருத்தத்தைக் கோயிலுக்குள் எடுத்த எல்லாப் படங்களுக்கும் ஒரே கிளிக்கில் போட்டேன். நாள் முழுக்க அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் கண்ணும் பழகிவிட்டது. மஞ்சள் எனக்கு மஞ்சளாகவே தெரியவில்லை. படம் எங்கே, படம் எங்கே என்று சொந்தக்காரர்கள் வேறு உயிரை எடுத்தார்கள். போட்டுவிட்டேன்.

ரோஜா வந்த மறுநாள் பெரியம்மாவின் அடுத்த அம்பு வந்தது. இது குரூப்பில் வரவில்லை, யாரோ யாரிடமோ போனில் சொல்லி, என் கணவர் வழியாக வந்தது. அவர் இப்படிப்பட்ட செய்திகளை மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொல்வார்.

"பழைய சேலை இல்லையாம். புதுசுதானாம். நீதான் வேணும்னே மங்க வச்சிட்டியாம். புதுப்பொண்ணு ஒன்னைவிட வெள்ளையாத் தெரிஞ்சிறக் கூடாதுன்னு."

நான் சிரித்தேன். பிறகு அடுப்படியில் அத்தை என்னைப் பார்த்த பார்வையில் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஒன் கல்யாண ஆல்பத்துல ஒஞ் சேலை எம்புட்டு வெள்ளையா இருக்கு" என்றார் அத்தை. "இது மட்டும் எப்பிடி இப்பிடி ஆச்சு? வேணும்னு செஞ்சியா?"

அது என்னைச் சுருக்கென்று தைத்தது. நானும் அத்தையும் பாசமலர்கள் ஒன்றும் இல்லை. குழம்புக்குப் புளி எம்புட்டு என்பதிலிருந்து எங்களுக்குள் வழக்கு இருக்கிறது. ஆனால் என் வேலையில் நான் பித்தலாட்டம் செய்வேன் என்று அவர் நினைத்தது எனக்குத் தாங்கவில்லை. கோபம் வந்தால் என் வாய் சும்மா இருக்காது.

"ஆமா அத்தை. அடுத்து ஒங்க முகத்தைப் பச்சையாக்கப் போறேன்."

சொன்னதோடு நிற்கவும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அத்தை மணமக்களை ஆசீர்வதிக்கும் படத்தை எடுத்து, ஸ்லைடரைக் கடைசி வரை தள்ளி, முகத்தைப் புடலங்காய்ப் பச்சையாக்கி என் கணவருக்கு அனுப்பினேன். 'அம்மாட்ட காட்டிறாத' என்று பதில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, 'பெருசா ஒண்ணு அனுப்பு' என்று இன்னொரு பதில் வந்தது.

கோபம் அடங்கிய பிறகுதான் பயம் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் பெண் வீட்டார் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வருகிறார்கள். பெரியம்மாவும் வருகிறார். எல்லோரும் டிவியில் கல்யாணப் படங்களைப் பார்ப்பார்கள். அதற்குள் அந்தச் சேலைக்கு அதன் நிஜ நிறம் வந்தாக வேண்டும். இல்லாவிட்டால் புது ஓரகத்தி மேல் பொறாமைப்பட்டுப் படத்தைக் கெடுத்தவள் என்ற பேர் என்மேல் ஒட்டிவிடும். எங்கள் சொந்தத்தில் ஒரு பேர் ஒட்டினால் பேரன் பேத்தி எடுத்தாலும் போகாது.

ஸ்லைடரைக் கண் போன போக்கில் இழுத்துச் சேலையை வெள்ளையாக்கிவிடலாம்தான். அப்படி இழுத்தால் அது என் இஷ்டம். இஷ்டத்துக்கு மாற்றுகிறாள் என்றுதானே அந்தம்மா சொல்கிறார்? அதனால் நியாயமாக வேறொரு வெள்ளையைத் தேடினேன். போதகரின் அங்கியில் கிளிக் செய்தேன். சேலை சந்தன நிறமானது. கோயில் சுவரில் செய்தேன். சேலை மோர் நிறமானது. பெண் தலையில் இருந்த மல்லிகையில் செய்தேன். எல்லோரும் குளிரில் விறைத்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். கேக்கின் கிரீமில் செய்தேன், அதையும் விட்டு மாப்பிள்ளையின் பல்லில் செய்தேன். கொழுந்தனின் பல்லைப் பற்றி இங்கே ஒன்றும் சொல்லாமல் விடுகிறேன். ஒரே கோயிலில், ஒரே வெளிச்சத்தில், வெள்ளை என்று சொல்லிக்கொண்ட ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாட்சி சொன்னது.

அதில் ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. பெண் வீட்டு ஆண்களின் சட்டையில் கிளிக் செய்தால் சேலை ஓரளவு வெளுத்தது. எங்கள் வீட்டு ஆண்கள் யார் சட்டையில் கிளிக் செய்தாலும் பால்கோவா ஆனது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. சேலையை நேரில், நல்ல வெயிலில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

சேலை ஸ்ரீவில்லிபுத்தூரில் புதுப்பெண்ணின் அம்மா வீட்டில் இருந்தது. பஸ் ஏறக் கிளம்பியபோது மாமாவும் கூட வருகிறேன் என்றார். மில்லில் இருந்து ரிட்டயர் ஆன பிறகு அவருக்கு பஸ் ஏற ஏதாவது ஒரு காரணம் வேண்டும். மறுவீட்டுக்கு அங்கே போயிருந்த என் ஓரகத்தி சேலையைத் தயங்காமல் எடுத்துக் கொடுத்தாள். நல்ல பெண். "அக்கா, எனக்கு அந்த மஞ்சளும் பிடிச்சுத்தான் இருந்துச்சு. மூஞ்சி தகதகன்னு இருந்துச்சு. அதைத்தான் டிபியா வச்சிருக்கேன்" என்றாள். யாருக்காக நான் பொறாமைக்காரி ஆனேனோ அவளுக்கே அந்தப் படம் பிடித்திருந்தது.

நானும் மாமாவும் சேலையோடு கோயிலுக்குப் போனோம். வாசல் படிக்குப் பக்கத்தில், சக்கர நாற்காலி ஏறுவதற்காகப் புதிதாக ஒரு சரிவு கட்டியிருந்தார்கள். சிமெண்டு பூசியிருந்தார்கள், பெயிண்டு இன்னும் அடிக்கவில்லை. சாம்பல் நிறம் வேண்டுமென்றால் வெறும் சிமெண்டுப் பூச்சைவிட நல்லது எங்கள் பக்கத்தில் சுலபமாகக் கிடைக்காது. பெரியம்மாவின் ஊரான ஆலங்குளத்தில் சிமெண்டு ஆலை உண்டு, அந்தச் சிமெண்டாகவே இருக்கட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். மாமாவை அந்தச் சரிவில் நிறுத்தி, சேலையைப் பிரித்து அவர் தோளிலும் கையிலுமாகப் போட்டு, ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி நிற்கச் சொன்னேன். ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். மாமா சங்கடப்படாமல் நின்றார்.

கேமராவைத் தூக்கினேன். தூக்கிய கையை அப்படியே இறக்கினேன்.

பின்னால் சிமெண்டு, முன்னால் வெள்ளைப் பட்டு, நடுவில் மாமாவின் சட்டை. சட்டை நீலமாக இருந்தது. லேசாக இல்லை, நன்றாகவே. தெருவில் தினமும் பார்க்கிற சட்டைதான். பக்கத்தில் உண்மையான வெள்ளை ஒன்று வந்து நிற்காததால் இத்தனை நாளும் அது வெள்ளையாக நடமாடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு பீறிட்டது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, இந்தச் சட்டைக்கு அத்தை எம்புட்டு நீலம் போடுதாக?"

மாமா குனிந்து தன் சட்டையைப் பார்த்தார், பிறகு சேலையைப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"முன்னெல்லாம் ஒரு வாளிக்கு ரெண்டு சொட்டு விடுவா. இப்ப மூடிக்கணக்கா ஊத்துதா. எம்புட்டுப் போட்டாலும் துணி மஞ்சளாவே இருக்குங்கா." தோளில் நழுவிய சேலையை இழுத்து விட்டுக்கொண்டார். "கண்ணுல புரை விழுந்திருக்கும்மா. டாக்டர் ஆபரேசன் பண்ணணும்ன்னாரு. பயந்துக்கிட்டு வரமாட்டேங்கா. பிள்ளைகள்ட்ட மூச்சு விடக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிருக்கா. நீயும் அவட்ட ஒண்ணும் கேட்டுக்கிறாத."

அத்தை போனைக் கை எட்டும் தூரத்துக்குத் தள்ளிப் பிடிப்பதை வெள்ளெழுத்து என்று நினைத்திருந்தேன். புரை விழுந்த கண் எல்லாவற்றையும் மஞ்சளாகக் காட்டும் என்பது எனக்குத் தெரியும். நீலத்தை அது பாதிக்கு மேல் விழுங்கிவிடும். துணியில் இல்லாத மஞ்சளைப் போக்க அத்தை நீலம் ஊற்றிக்கொண்டே போயிருக்கிறார். அந்த நீலத்தை வெள்ளை என்று நம்பி நான் படத்தில் மஞ்சள் ஊற்றியிருக்கிறேன். மாமியாரும் மருமகளும் ஒற்றுமையாக ஒரு காரியம் செய்தது அதுதான் முதல் தடவை.

வீட்டுக்கு வந்ததும் சிமெண்டில் கிளிக் செய்து பார்த்தேன். பட்டில் நிறம் எதுவும் கலக்கவில்லை, அத்தை எடுத்தது சுத்தமான வெள்ளைதான். அது உறுதியான பிறகு, கோயிலுக்குள் எடுத்த படங்களில் சேலையையே சாட்சியாக வைத்துத் திருத்தினேன். மணப்பெண்ணின் முகத்துக்கு அவள் நிறம் திரும்பி வந்தது. பச்சைக் கண்ணாடி பச்சையானது. சேலை, மதுரைக் கடையில் பிரித்துப் போட்டபோது இருந்த அதே வெள்ளைக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டு ஆண்கள் அத்தனை பேரும், முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சு வரை, ஆளுக்கொரு அளவில் நீலமாக உட்கார்ந்திருந்தார்கள்.

இந்தப் படத்தை அப்படியே போட்டால் எனக்கு விடுதலை. ஆனால் அத்தையின் வெள்ளை அன்றோடு முடிந்தது. எதிர்வீட்டு மருமகள் ஒருத்தியாவது சந்தோஷப்படுவாள் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் அத்தையைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

சேலையைப் பார்த்ததும் அத்தையின் தோள் இறங்கியது. "இதான். இதான் நான் எடுத்தது" என்றார்.

"மாமா சட்டையைப் பாருங்க அத்தை."

பார்த்தார். "அதுக்கென்ன? வெள்ளையாத்தான இருக்கு."

நான் சட்டையைத் திரையில் பெரிதாக்கினேன். பக்கத்தில் வந்து, இன்னும் பக்கத்தில் வந்து, திரையில் மூக்கு முட்டுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"என்னட்டி? வெள்ளையா இல்லையா?"

"நீலமா இருக்கு அத்தை. இதை வெள்ளைன்னு நம்பித் திருத்துனதுலதான் சேலை மஞ்சளாச்சு."

நான் கேலி செய்கிறேனா என்று என் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். வழக்கமாகக் கேலி செய்பவள்தான் நான், அதனால் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. என் முகத்தில் அப்போது கேலி இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெதுவாக ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"படத்துல பாத்தாத் தெரியும்."

"சட்டையை மட்டும் மாத்த முடியுமா?"

"முடியும். சட்டை மேல மட்டும் நீலத்தை எடுத்துறலாம். ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப செத்த நேரம் ஒக்காந்து அதை மட்டும் வெளுத்துத் தாம்மா" என்றார் அத்தை.

நான் வாழ வந்த நாளிலிருந்து வெள்ளைத் துணியை என்னைத் தொடவிடாதவர், முதல் தடவையாக என்னிடம் சட்டை வெளுக்கக் கொடுத்தார். 'ஏட்டி' போய் 'அம்மா' வந்திருந்தது. எங்கள் வீட்டு ஆண்கள் ஒவ்வொருவராக அவர்கள் சட்டையைச் சுற்றிக் கோடு இழுத்து, நீலத்தை உறிஞ்சி எடுத்தேன். அலுப்பு பிடித்த வேலை. கையால் துவைத்திருந்தாலே சீக்கிரம் முடிந்திருக்கும். கண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வந்தார்கள். நேரில் பார்த்தால் அந்தப் பெரியம்மா ரொம்பத் தன்மையானவர். என் கன்னத்தைத் தடவி, இளைத்துவிட்டாய் என்றார். நான் இளைக்கவே இல்லை. கூடத்தில் இலை போட்டுப் பிரியாணி பரிமாறிக்கொண்டிருக்கும்போது என் கணவர் டிவியில் படங்களை ஓடவிட்டார். சேலை வெள்ளை, சட்டைகள் வெள்ளை, எல்லாம் வெள்ளை. ஓரகத்தியின் அம்மா, "அடடா, சேலை என்னமா இருக்கு!" என்றார். அத்தை வெங்காயப் பச்சடியை நிமிர்ந்த தலையோடு பரிமாறினார்.

பெரியம்மா கையில் எலும்போடு டிவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்ப எம்புட்டு அழகா வெள்ளையாக்கிட்ட! அப்ப ஒன் கையிலதான் எல்லாம் இருக்கு. மொதல்லயே இப்பிடிப் போட்டிருக்கலாம்லம்மா? நாங்க என்ன ஒன் சேலையையா கேட்டோம்?"

கூடத்தில் பிரியாணி மெல்லும் சத்தம் நின்றுவிட்டது. ஓரகத்தி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். என்னிடம் பதில் இருந்தது. மாமாவின் சட்டை, சிமெண்டுச் சரிவு, மூடிக்கணக்கில் நீலம் என்று அத்தனையும் என் நாக்கு நுனியில் நின்றது. ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பித்துவிடுவேன். ஆனால் சட்டைகளை வெளுத்துக் கொடுத்தவளும் நான்தானே. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு நின்றேன். கண் எரிந்தது. பொறாமைக்காரி என்ற பேரோடுதான் இனி இந்தக் கூட்டத்தில் நடமாட வேண்டும் என்று நினைத்தபோது அழுகை வந்துவிடும் போல இருந்தது.

அத்தை பச்சடிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். பந்தியில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் போய், "எந்திரிங்க" என்றார். மாமா பாதிச் சோற்றில் எழுந்தார். பெரியம்மாவின் கணவரிடமும், "அண்ணே, நீங்களும் செத்த எந்திரிங்க" என்றார். இரண்டு பேரும் எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி அத்தை பின்னால் போனார்கள். இருவரையும் வாசல் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார் அத்தை.

"பாருங்க" என்றார் எல்லோரையும் பார்த்து. "ரெண்டும் வெள்ளைச் சட்டை. எது நீலம்?"

எல்லோருக்கும் தெரிந்தது. பெரியம்மாவின் கணவர்தான், பாவம், "மச்சான் சட்டை கொஞ்சம்…" என்று இழுத்தார்.

"அது நான் போட்ட நீலம்" என்றார் அத்தை. "இந்தச் சட்டையை வெள்ளைன்னு நம்பித்தான் எம் மருமக மொதப் படத்தைத் திருத்துனா. அதான் சேலை மஞ்சளாப் போச்சு. பொறவு நான்தான் சட்டையை மாத்தச் சொன்னேன், எம் மானம் போயிருமேன்னு. அவ மேல ஒரு தப்பும் கெடையாது."

பெரியம்மா, "ஐயோ, நான் சும்மா வெளாட்டுக்குத்தான்…" என்று ஆரம்பித்தார்.

அத்தை அவரைப் பேச விடவில்லை. "எனக்குக் கண்ணுல புரை. இந்தா, இம்புட்டுக் கிட்டத்துல நிக்கேன், எனக்கு இப்பவும் ரெண்டு சட்டையும் வெள்ளையாத்தான் தெரியுது. ஆனா எம் மருமக நீலம்னு சொன்னா. அவ சொன்னா அது நீலந்தான்."

சொல்லிவிட்டு உள்ளே வந்து, பெரியம்மாவின் இலையில் இன்னும் ஒரு கரண்டி பிரியாணியை வைத்து, "சாப்பிடுங்க, ஆறுது" என்றார்.

நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குப் போய் நன்றாக அழுதேன். அந்த நிமிஷம் அத்தையை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதை அவரிடம் போய்ச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைய பிரியாணி அண்டாவைத் தேய்க்கிற வேலையை என் தலையில்தான் கட்டியிருப்பார்.